லயத்தை நிமிர்த்திய லென்ஸ்

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. போர்டில் பெயருக்குக் கீழே 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி வைத்திருக்கிறேன். பச்சைப் பொய். இத்தனை வருடமும் கறுப்பு முகங்களை வெளுக்க வைத்து, வழுக்கையில் முடி நட்டு, கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்டு நின்ற சம்பந்திகளைச் சிரித்த மாதிரி காட்டித்தான் சோறு தின்றிருக்கிறேன். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வருகிறவர்கூட, "கொஞ்சம் நல்லா வர்ற மாதிரி எடுங்க" என்றுதான் சொல்வார். இருக்கிற மாதிரியே எடுங்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு எடுக்கத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

இப்படிப்பட்டவன் கையில் அந்த லென்ஸ் கிடைத்தது குரங்கு கையில் பூமாலைதான். கொழும்பில் கட்டடங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனது. சாதாரண லென்ஸில் ஒரு மாடிக் கட்டடத்தை அண்ணாந்து எடுத்தால், அது மல்லாக்க விழப் போகிற மாதிரி வரும். இந்த லென்ஸுக்கு அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. கமராவை முக்காலியில் மட்டமாகப் பூட்டிவிட்டு ஒரு திருகாணியைத் திருகினால், கமரா அசையாது, கண்ணாடி மட்டும் மேலே ஏறும். கட்டடம் பொலிஸ்காரர் மாதிரி விறைப்பாக நிற்கும். பக்கவாட்டில் திருகினால் இடது, நடு, வலது என்று மூன்று படம் எடுக்கலாம். மூன்றையும் கம்பியூட்டரில் சேர்த்தால் ஒட்டுத் தெரியாத ஒரே நீளப் படம். கண்ணாடியைச் சாய்த்தால் இன்னொரு வித்தை நடக்கும். மலையும் மனிதர்களும் பொம்மைக் கடையில் அடுக்கி வைத்த மாதிரிக் குட்டியாகிவிடுவார்கள்.

அதை வாங்கிய நாளிலிருந்து என் நடையே மாறிவிட்டது. கல்யாண வீடுகளில் மற்ற படப்பிடிப்பாளர்கள் ஓடி ஓடி எடுக்கும்போது, நான் முக்காலியை விரித்து, குமிழி மட்டம் பார்த்து, ஒரு கண்ணை மூடி நிற்பேன். அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். ஆனாலும் பெரிய ஆள் என்று ஊரில் பெயர் வந்தது.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அங்கே துரை குடியிருந்த பங்களாவை இப்போது ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். சாப்பாட்டு அறையின் சுவர் முழுக்க வருகிற மாதிரி ஒரு நீளப் படம் வேண்டும், பங்களா முற்றத்தில் நின்றால் தெரிகிற மலை அப்படியே வர வேண்டும் என்றார்கள். ஒரேயொரு சங்கடம். அந்த முற்றத்தில் நின்றால் மலைக்கு முன்னால் தெரிவது தொழிலாளர்கள் குடியிருக்கிற எங்கள் லயம். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டிப் பத்துக் காம்பரா, தகரக் கூரை, கூரை பறக்காமல் இருக்க மேலே கல்லும் பழைய டயரும், கொடி நிறையத் துணி. ஹோட்டல் மானேஜர் நல்ல மனிதர். "அது மட்டும் இல்லாம எடுக்க ஏலுமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

ஏலுமா என்றா கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கமராவை மட்டமாக வைத்து, லென்ஸை மேலே ஏற்றினேன். டயர் போயிற்று, தகரம் போயிற்று, துணியெல்லாம் போயிற்று. முக்காலியின் தலையை இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒன்பது படம் எடுத்தேன். மலை கிடந்தபடி கிடந்தது, ஒரு மரமும் சாயவில்லை. நான் பிறந்த காம்பராவை ஒரு திருகாணியால் ஊரை விட்டே தள்ளிவிட்டேன். மானேஜர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் விம்மியது என்பதை மறைக்க மாட்டேன்.

கொழும்பிலிருந்து விளம்பர வேலைக்கு வந்திருந்த பெண், கொழுந்தெடுக்கும் பெண்களைப் பொம்மை மாதிரி எடுத்துத் தரச் சொன்னார். அதையும் எடுத்தேன். அந்தப் பொம்மைகளில் ஒன்று என் சொந்த அக்கா. போனில் படத்தைக் காட்டினேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "நான் ஏன்டா எலி மாதிரி இருக்கேன்?" என்றார்.

அன்று அக்கா சொன்ன இன்னொன்றும் இருந்தது. அக்காவுக்கு லயத்தின் கடைசிக் காம்பரா, பள்ளத்துப் பக்கம். மச்சான் கொழும்பில் கடையொன்றில் வேலை, தீபாவளிக்கு வந்தால் உண்டு. அக்காவும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகளும்தான் அங்கே இருந்தார்கள். பள்ளத்துப் பக்கச் சுவர் போன மழைக்கு வெளியே சாயத் தொடங்கியிருந்தது. உச்சியில் ஒரு சாண் தள்ளியிருந்தது. அடியில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மகளின் கட்டில் அந்தச் சுவரோரம்தான், வேறே இடம் இல்லை.

"மனு எழுதிக் குடுத்தேன் தம்பி. படத்தோட கொண்டாங்கன்னு சொல்றாங்க. நீ பெரிய கமரா வச்சிருக்கியே, வந்து ஒன்னு எடுத்துக் குடு. அதப் பாத்தா வேற எடம் குடுப்பாங்க" என்றார்.

"ஒரு படமா? முழு லயத்தையும் எடுத்துத் தர்றேன். பாத்துட்டு அசந்து போவாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். லயத்துக்கு எதிரே பீன்ஸ் பாத்திக்குள் அதை விரித்ததுமே கதவுகள் திறந்தன. தோட்டத்தில் முக்காலி என்றால் நில அளவையாளர்தான். அவர் வந்தால் யாருடைய பாத்தியோ யாருக்கோ போகப் போகிறது என்று அர்த்தம். மூன்றாம் காம்பராக் கிழவர் தடியோடு வந்து, "யாருக்குய்யா அளக்குறீங்க?" என்றார். நான்தான் என்று தெரிந்ததும், "நீயா? நீ எதுக்கு நம்ம லயத்த எடுக்குற? போன மாசம் பங்களாவுல நின்னு மலைய மட்டுந்தானே எடுத்தியாம்" என்று கேட்டுவிட்டுப் போனார். ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் எங்கள் லயத்து ஆட்கள் என்பதை நான் மறந்திருந்தேன்.

லயத்தைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பத்துக் காம்பராவுக்கும் முன்பக்கம் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். கொடியில் ஒரு துணி இல்லை. முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்து, பொங்கல் மாதிரிக் கோலமும் போட்டாயிற்று. அக்கா, மச்சான் வாங்கிக் கொடுத்த பட்டுச்சேலையில் வாசலில் நின்றார். வெடிப்பு எங்கே என்று தேடினேன். களிமண் வைத்து அடைத்து, அதன் மேல் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்திருந்தார்.

"வெடிப்பக் காணோமேக்கா" என்றேன்.

"படம் எடுக்க வர்றேன்னு சொன்னியே. ஆபீசர் பாக்குற படம், அசிங்கமா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

படித்தவன், நாலு இடம் போய் வந்தவன், அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? களிமண்ணை நோண்டியெடு, துணியைத் திரும்பக் கொடியில் போடு என்று சொல்லியிருக்க வேண்டும். நான், "பரவாயில்லையே, பளிச்சுன்னு இருக்கு" என்றேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

இடது, நடு, வலது என்று மூன்று படம் எடுத்தேன். அன்று மாலையே ஸ்டூடியோவில் சேர்த்தேன். சேர்த்த பிறகு கட்டடப் படங்களுக்கு நான் செய்கிற ஒரு வேலை உண்டு. கட்டடத்தின் இரண்டு ஓரங்களிலும் கம்பியூட்டரில் இரண்டு கோடு போட்டுக் காட்டினால், அது அந்த இரண்டையும் செங்குத்தாக்கிவிடும். ஹோட்டல் படங்களுக்கெல்லாம் அப்படிச் செய்துதான் பழக்கம். லயத்தின் இடது ஓரத்தில் ஒரு கோடு, வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். லயம் நிமிர்ந்தது. கோணல் எடுபட்ட சுகத்தில் நான் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன். வலது ஓரத்துக் கோணல்தான் அந்தப் படத்தின் விஷயமே என்பது எனக்கு உறைக்கவில்லை. நல்ல தாளில், நல்ல நீளத்தில் அச்சடித்து அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அதைத் தலையணை உறைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வந்தார்.

பதுளையில் ஓர் அலுவலகம். எதுவென்று சொல்லப் போவதில்லை. அங்கே ஓய்வு பெறப் போகிற வயதில் ஒரு யாழ்ப்பாணத்து அதிகாரி இருந்தார். மனுவைப் பார்க்காமல் தூக்கிப் போடுகிற ஆளில்லை. அதுதான் எங்கள் கெட்ட காலம். படத்தை மேசையில் விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல படம். ஆர் எடுத்தது?"

"நான்தான் சேர்" என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

"சும்மா கையாலை எடுத்ததோ, ஸ்டாண்டிலை வச்சோ?"

"ஸ்டாண்டுல வச்சு, மட்டம் பாத்து எடுத்தது சேர்."

தலையை ஆட்டினார். மேசை லாச்சியைத் திறந்து ஓர் அடிமட்டத்தை எடுத்துப் படத்தின் கடைசிச் சுவரோடு ஒட்டி வைத்தார். பிறகு படத்தின் ஓரத்திலிருந்து அளந்தார், மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. கம்பியூட்டரில் நான் போட்ட கோடு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அம்மா, சுவர் நேராத்தானே நிக்குது. வெடிப்பெண்டு எழுதியிருக்கிறியள், ஒரு வெடிப்பும் தெரியேல்லை. ஆனால் இந்த மரத்தைப் பாருங்கோ." அவருடைய அடிமட்டம் பக்கத்தில் நின்ற டர்பன்டைன் மரத்துக்கு நகர்ந்தது. "இது வீட்டுப் பக்கம் நல்லாச் சரிஞ்சு கிடக்கு. ஆபத்து இதாலைதான். பயப்பிடாதேங்கோ, வெட்டச் சொல்லி இண்டைக்கே எழுதிறன்."

நடந்தது இதுதான். வெளியே சாய்ந்த சுவரை நான் உள்ளே தள்ளியபோது, அதன் பக்கத்தில் கம்பம் போல நின்ற மரமும் சேர்ந்து உள்ளே சாய்ந்துவிட்டது. அதிகாரி படத்தைச் சரியாகத்தான் வாசித்தார். படம்தான் மாறிச் சொன்னது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மரம் நேராத்தானே தம்பி நிக்குது?" என்று மெதுவாகக் கேட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நல்ல படம் என்று சொன்ன மனிதருக்கு முன்னால், அது பொய்ப் படம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பாத்துக்கலாம்க்கா" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கூரைத் தகரம் மாற்றக் கேட்டு வருடக்கணக்கில் அலைந்த லயம் அது. மரம் வெட்ட மட்டும் நாலாம் நாளே ஆட்கள் வந்தார்கள், லொறியோடு. நல்ல முற்றிய மரம். வெட்டி, துண்டு போட்டு, கிளை உட்பட ஏற்றிக்கொண்டு போனார்கள். விறகுக்கு ஒரு கவடுகூட விடவில்லை என்று அக்கா போனில் புலம்பினார். அந்த மரத்தின் வேர்தான் பள்ளத்து மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடுத்த மழைக்குச் சுவர் இன்னும் நாலு விரல் தள்ளியது.

இந்த முறை அக்கா என்னைக் கேட்கவில்லை. தன் போனில் கமரா இல்லாததால் பக்கத்துக் காம்பராப் பெண்ணின் போனை வாங்கி, களிமண்ணைக் குச்சியால் நோண்டியெடுத்துவிட்டு, தானே ஒரு படம் எடுத்து, தனியாகப் பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது ஸ்டூடியோவுக்கு வந்தார். நான் ஒரு மாப்பிள்ளையின் தொப்பையைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"இது போன்ல எடுத்ததாம். கை சாஞ்சிருக்குமாம். மொத எடுத்த படம் ஸ்டாண்டுல வச்சு எடுத்ததாம், அதுதான் சரியாம்" என்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, கோபப்படாமல் கேட்டார். "உனக்கு ஏன்டா எங்க வீட்ட நேராக் காட்டணும்னு தோனுச்சு?"

பழக்க தோஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பாதி உண்மை. மீதி, வெட்கம். அந்த லயத்தில் பிறந்து வளர்ந்து, பதுளைக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் பண்டாரவளை டவுன் பக்கம் என்று சொல்லிப் பழகியவன் நான். பங்களா முற்றத்தில் லென்ஸைத் தூக்கியதும் அந்த வெட்கத்தில்தான். பீன்ஸ் பாத்திக்குள் நின்று பளிச்சென்று இருக்கிறது என்று சொன்னதும் அதே வெட்கத்தில்தான். என் லயம் அதிகாரியின் மேசையில் கோணலாகக் கிடக்கக் கூடாது என்று எனக்கு இருந்திருக்கிறது. அக்காவின் மகள் படுக்கிற இடத்தை விட அது எனக்குப் பெரிதாகிவிட்டது. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேனா? இல்லை. "நாளைக்கு நான் போய்ப் பேசுறேன்" என்றேன். அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாள் போய்ச் சொன்னேன். லென்ஸையும் கையோடு கொண்டுபோய்த் திருகிக் காட்டினேன். அதிகாரி ஆர்வமாகப் பார்த்தார், தானும் ஒரு முறை திருகிப் பார்த்தார். அப்புறம் முகம் மாறியது.

"அப்ப நீங்கள் என்னட்டைப் பொய்ப் படம் தந்திருக்கிறியள்."

"பொய்யின்னு இல்ல சேர். கொஞ்சம் நிமித்துனேன்."

"அதை எழுத்திலை தாங்கோ. இல்லாட்டி ஃபைலிலை இருக்கிற படம்தான் செல்லும்."

எழுதினேன். 'இணைக்கப்பட்டுள்ள படத்தில் காணப்படும் சுவர் உண்மையில் நேரானது அல்ல. படப்பிடிப்பாளராகிய நான் அதனை நேராக்கினேன். மரம் குற்றமற்றது.' கடைசி வரியை அவர் அடிக்கச் சொன்னார், அடித்தேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை வேண்டும் என்றார். பையிலிருந்து எடுத்துக் குத்தினேன். நீல மையில் பெயரும், அதற்குக் கீழே 'உள்ளது உள்ளபடி'யும் தெளிவாக விழுந்தன. அவர் அதை வாசித்தார், என்னைப் பார்த்தார், தாளை ஃபைலுக்குள் வைத்து மூடினார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

ஒரு வாரத்தில் அவரே நேரில் வந்தார். மேடு ஏறி மூச்சு வாங்க, கடைசிக் காம்பராவுக்கு முன்னால் நின்று தலையை வலது பக்கம் சாய்த்துச் சுவரைப் பார்த்தார். அதற்கு அடிமட்டம் தேவைப்படவில்லை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையையும், அங்கிருந்து சுவரடி வரைக்கும் மண்ணில் ஓடிய வெடிப்பையும் காலால் தடவிப் பார்த்தார். "இண்டைக்கே வெளிக்கிடுங்கோ அம்மா. பிள்ளையை இதுக்குள்ளை படுக்க விடாதேங்கோ" என்றார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதைத் திறந்து கொடுக்கச் சொல்லி அங்கேயே நின்று போனில் பேசினார். போகும்போது, "ஃபைலுக்குப் புதுப் படம் ஒண்டு வேணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பீன்ஸ் பாத்திக்குள் மறுபடியும் முக்காலியை விரித்தேன். குமிழி நடுவில் வரும்வரை அதன் கால்களை ஏற்றி இறக்கினேன். அக்கா கொழுந்தெடுத்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, காலெல்லாம் சேறு. கொடியில் துணி, கூரையில் டயர்.

"சேல மாத்திட்டு வர்றியாக்கா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்த சுவருக்குப் பக்கத்தில் போய் நேராக நின்றார். "இந்தத் தடவயாவது வெக்கப்படாம எடு."

இடது, நடு, வலது, மூன்றும் எடுத்தேன். சேர்த்தேன். கோடு போடவில்லை. கை இரண்டு முறை அந்தப் பக்கம் போனது, இழுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் அக்கா நேராக நிற்கிறார், சுவர் அவரை விட்டு விலகிப் போகிறது.

அவர்கள் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பதினோராம் நாள், அடைமழை. காலையில் கொழுந்து நிறுக்கிற நேரம். எல்லாரும் மலையில், மகள் பள்ளிக்கூடத்தில். நான் ஸ்டூடியோவில் ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்கக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"சுவரு விழுந்துருச்சுடா. கட்டில் கெடந்த எடத்துல கல்லாக் கெடக்கு."

கிலுகிலுப்பையைக் கீழே வைத்தேன். நாக்கு பழக்கத்தில் பேசியது. "இரு, இரு, ஒன்னையும் தொடாத. கமராவ எடுத்துட்டு இப்பவே வர்றேன்."



"கமரா வேணாம்" என்றார் அக்கா. "மண்வெட்டி எடுத்துட்டு வா."